பம்ப்புக்கு ஓர் ஆரத்தி

இந்த வருடம் கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நம் ஆலைக்கு வந்து சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி கிடைத்தது. ஃபெர்மென்டர் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் செயல்முறைத் தாளில் 'தினம் ஒருமுறை ஆரத்தி' என்று ஒரு வரி வருகிறதே, இது அச்சுப்பிழையா, அல்லது கொல்கத்தாவில் எல்லா ஆலையிலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மேடத்திடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்கத் தயங்கவில்லை. இதில் யார் அதிக ஆபத்தானவர் என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அச்சுப்பிழை இல்லை. அந்த வரிக்கு ஒரு காலை, ஒரு மதியம், ஒரு பொய் ஆகியவை செலவாகியிருக்கின்றன. சொல்கிறேன்.

நான் அந்த அறையில் பல வருடம் ஈஸ்ட்டுக்குச் சோறு போட்டவன். உற்பத்தித் தலைவர் என்பது விசிட்டிங் கார்டில் இருந்தது. நாம் வளர்ப்பது சாதாரண ஈஸ்ட் அல்ல, வேறோர் உயிரின் மரபணுவைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, அந்த மரபணு சொல்கிற புரதத்தைச் செய்து வெளியே தள்ளுகிற ஈஸ்ட். நம் விஷயத்தில் அந்தப் புரதம் ஒரு நொதி. கோழித் தீவனத்தில் கலந்தால் தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் கோழிக்கு ஒழுங்காகச் சேரும். உறவினர்கள் கேட்டால் நான் "உயிரித் தொழில்நுட்பம்" என்பேன். என் மனைவி "கோழிக்கு ஜீரண மருந்து" என்பாள். அறிவியல்பூர்வமாக அவள் சொல்வதுதான் சரி.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் கிளிசரால் கொடுத்து ஈஸ்ட்டை நன்றாகப் பெருக்குகிறோம். பிறகு அதை நிறுத்திவிட்டு மெத்தனாலுக்கு மாற்றுகிறோம். மெத்தனாலைக் கண்டால்தான் அந்த மரபணு விழித்துக்கொண்டு புரதம் செய்யத் தொடங்கும். மெத்தனால் அதற்கு உணவு, அளவு மிஞ்சினால் விஷம். எங்கள் தொழிலின் மொத்த நாடகமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

ஈஸ்ட் சாப்பிடுகிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? அது சாப்பிடும்போது மூச்சு வாங்கும், கலனில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். சாப்பிடாவிட்டால் ஆக்ஸிஜன் ஏறும். திரையில் ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே எனக்குத் தலை நரைத்தது.

இப்போது வைதேஹி வருகிறாள். கொல்கத்தாவின் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தாத்தா காலத்தில் வங்கி வேலைக்காக வந்த குடும்பம். அவள் தமிழில் மூன்று வார்த்தைக்கு ஒன்று வங்காளமாக இருக்கும், என்னை மற்றவர்களைப் போல 'சுந்தர்தா' என்றுதான் கூப்பிடுவாள். 'தா' என்றால் இங்கே அண்ணன். டைரக்டரை விட்டால் அலுவலகத்தில் சாரும் கிடையாது, ஐயாவும் கிடையாது, எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன். வைதேஹி புதிய ஈஸ்ட் வகை ஒன்றை உருவாக்கியிருந்தாள். பழைய வகையில் அந்த மரபணு ஒரே ஒரு பிரதி. இவளுடையதில் பல பிரதிகள். சின்னக் குடுவையில் அது கொட்டோ கொட்டென்று புரதத்தைக் கொட்டியது. பெரிய கலனில் ஏற்றினால் செத்துப்போனது.

ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. இரண்டுமுறையும் ஒரே கதை. மெத்தனால் தொடங்கிய மறுநாள் பச்சைக் கோடு மெல்ல ஏறத் தொடங்கும். பசியில் இருக்கிறது என்று நாங்கள் பம்ப்பின் வேகத்தைக் கூட்டுவோம். கோடு இன்னும் ஏறும். நாங்கள் இன்னும் கூட்டுவோம். கடைசியில் கோடு உச்சியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கலனுக்குள் மூச்சு விட யாரும் மிச்சமில்லை என்று அர்த்தம். இரண்டாவது தடவைக்குப் பிறகு டைரக்டர் எங்களைக் கூப்பிட்டார். மூன்றாவது முறை ஓட்டிப் பாருங்கள், அதுவும் போனால் இந்த வகையை ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பழையதையே ஓட்டுங்கள் என்றார். வைதேஹிக்குத் தனியாக ஒரு நல்ல செய்தியும் வைத்திருந்தார். அப்படி நேர்ந்தால் அவளைத் தொழில்நுட்ப ஆலோசகராக விற்பனைப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார். அதாவது பர்த்தமான் ஜில்லாவில் கோழிப் பண்ணை கோழிப் பண்ணையாகப் போய் எங்கள் பொடியைப் பற்றிப் பேசுவது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "எனக்குக் கோழியைக் கண்டா பயம், சுந்தர்தா. அது பக்கவாட்டுல பாக்குது."

மூன்றாவது ஓட்டத்துக்கு நாள் குறித்தோம். பாய்லர் தகராறு செய்ததால் அது தள்ளிப்போய், மெத்தனாலின் இரண்டாம் நாள் சரியாக விஸ்வகர்மா பூஜையில் வந்து விழுந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆயுத பூஜை மாதிரி, இங்கே செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை. அச்சகம், லேத் பட்டறை, ரிக்‌ஷா நிறுத்தம் என்று எங்கு பார்த்தாலும் யானை மேல் தெய்வம் உட்கார்ந்திருக்கும். வானம் முழுக்கக் காற்றாடி. எல்லாவற்றையும்விட முக்கியம், அன்று மெஷின் ஓடக் கூடாது. வருடம் முழுக்க உழைத்த மெஷினுக்கு அன்று ஓய்வு. நாங்கள் எப்போதும் அந்த நாளைத் தவிர்த்துத்தான் ஓட்டம் வைப்போம். அந்த வருடம் தப்பிவிட்டது.

காலையில் நான் வந்தபோது ஆலை வாசலில் கிச்சடி வாசம் அடித்தது. ஃபெர்மென்டர் அறையில் வைதேஹி திரைக்கு முன்னால் நின்றிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"ஏகோய் ஜினிஷ், சுந்தர்தா. திரும்பவும் அதேதான். ஏறுது."

பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. முன்பு இரண்டுமுறை ஏறிய அதே சாய்வில், அதே சாவகாசத்தோடு.

கைபேசி அடித்தது. டைரக்டர். நம் காலத்துச் சாபம் இது. அந்தப் பச்சைக் கோடு அவருடைய கைபேசியிலும் தெரியும். பல் துலக்கிக்கொண்டே பார்ப்பார் என்று நினைக்கிறேன். பசியில் கிடக்கிறது, ஃபீடைக் கூட்டுங்கள், இந்தத் தடவை தைரியமாகக் கூட்டுங்கள் என்றார். சரி சார் என்றேன். எனக்கும் வேறு யோசனை இருக்கவில்லை. இரண்டுமுறை தோற்ற வைத்தியத்தை மூன்றாம் முறை தைரியத்தோடு செய்வதற்கு அனுபவம் என்று பெயர்.

பம்ப்பிடம் போகும்போது நிமாய்தா குறுக்கே வந்தார்.

நிமாய்தா எங்கள் ஷிப்ட் பொறுப்பாளர். அன்று புதுக் குர்தா, நெற்றியில் பொட்டு, பின்னால் அவருடைய ஆட்கள். அவர் பேசியது வங்காளம். நான் தமிழில் தருகிறேன், ருசி குறைந்தால் பழி என் மேல்.

வாசலில் புரோகிதர் காத்திருக்கிறார், ஆரத்தி நேரத்துக்காவது மெஷினை நிறுத்துங்கள் என்றார். போன வருடம் பூஜையன்று கம்ப்ரெசரை ஓடவிட்டோம், அதற்குப் பிறகு இந்த அறையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும் என்று ஞாபகப்படுத்தினார். நிறுத்தவே மாட்டேன் என்றால் மதிய ஷிப்ட் ஆட்கள் காற்றாடி விடப் போய்விடுவார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

பிறகு நடந்தது கரியாஹாட் மீன் கடை பேரம்.

"கலக்கியை நிறுத்துங்க."

"அது நின்னா ஈஸ்ட்டுக்கு மூச்சு நின்னுடும்."

"சரி, காற்று."

"அதுவும் மூச்சுதான்."

"குளிர்தண்ணி?"

"உள்ள இருக்கறது வெந்துடும், நிமாய்தா."

அவர் கலனைச் சுற்றிப் பார்த்தார். "அப்போ பிஷ்வகர்மா எதைப் பாத்துக் கும்பிடு வாங்கிக்குவார்? இந்த நாற்காலியையா?"

மிஞ்சியது மெத்தனால் பம்ப் ஒன்றுதான். அதைத் தொடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. முன்பு யாரோ டீ குடிக்கப் போகும்போது அதை நிறுத்தினார்கள். குழாயில் காற்று புகுந்துகொண்டது. திரும்பப் போட்டபோது அது வெறும் காற்றை உருட்டிக்கொண்டிருக்க, மெத்தனால் போகிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்க, ஒரு கலன் பட்டினியில் போயிற்று. அன்றே நான் விதி எழுதினேன். மெத்தனால் ஆரம்பித்த பிறகு பம்ப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. வங்காளம், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, என் கையெழுத்துப் போட்டு, லேமினேட் செய்து மாட்டினேன். அந்த விதிக்குக் காவல் யார் என்றால் நிமாய்தாதான். டைரக்டரே ஒருமுறை பம்ப்புக்குக் கிட்டே போனபோது, "தொடாதீங்க பாபு, எழுதியிருக்கு" என்று கையை நீட்டித் தடுத்தவர். அன்று காலை அந்த விதிக்கும் சந்தனமும் சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள்.

அதே நிமாய்தா இப்போது பம்ப்பைக் காட்டி, ஆரத்தி முடியும் வரைதான் என்றார். குழாயில் காற்று புகாமல் தானே வால்வைப் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நான் சம்மதித்தேன். விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. மதிய ஷிப்டுக்கு ஆள் வேண்டும். இரண்டு நிமிடத்தில் எதுவும் செத்துவிடாது. தவிர, வாசலில் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டார்கள். சங்கு ஒலித்த பிறகு வங்காளத்தில் யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை.

நிமாய்தா வால்வை மூடினார். பம்ப் நின்றது. மெத்தனால் இருக்கும் அறையில் நெருப்புக்கு அனுமதி கிடையாது, தெய்வத்துக்கே ஆனாலும். அதனால் புரோகிதர் வாசற்படியில் நின்று பேட்டரி விளக்கைச் சுற்றினார். இப்போதுதான் ஒரு லேத் மெஷினுக்கு ஐந்து திரி ஏற்றிவிட்டு வருகிறேன், இங்கே டார்ச் லைட் காட்டச் சொல்கிறீர்கள் என்று முன்னமேயே குறைபட்டிருந்தார்.

எல்லாரும் கைகூப்பியிருக்க, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்தி இல்லாததால் அல்ல, பயத்தால். பசித்திருக்கும் ஈஸ்ட்டுக்குச் சாப்பாட்டை நிறுத்தினால் கோடு அந்த நிமிடமே விருட்டென்று துள்ளும். வாய்க்குப் போவது நின்றதும் மூச்சு வாங்குவதும் நிற்கும், ஆக்ஸிஜன் குவியும். அந்தத் துள்ளலை டைரக்டர் தன் கைபேசியில் பார்ப்பாரே, என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோடு துள்ளவில்லை.

சங்கு ஓய்ந்தது. பெண்கள் உலு என்கிற குலவையைப் போட்டு முடித்தார்கள். கோடு தன் பாட்டுக்கு, முன்பு ஏறிய அதே சாய்வில் ஏறிக்கொண்டிருந்தது. பம்ப் நின்ற விஷயமே அதற்குத் தெரியாதது போல.

நானும் வைதேஹியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பசியே இல்ல, சுந்தர்தா," என்றாள் மெதுவாக. "உள்ள நெறய இருக்கு. நாமதான் ஊட்டிக் கொன்னுருக்கோம்."

கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, இங்கே மாஷிமா என்பார்கள், என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். தட்டு காலியானால் பிள்ளைக்குப் பசி என்று இரண்டு லூச்சி, அதாவது பூரி. தட்டில் மிச்சமிருந்தால் பிள்ளைக்குக் கூச்சம் என்று இரண்டு லூச்சி. எந்த அறிகுறிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. நாங்கள் ஈஸ்ட்டுக்கு மாஷிமாவாக இருந்திருக்கிறோம். ஆக்ஸிஜன் ஏறுவதற்கு இரண்டு காரணம் உண்டு. சாப்பாடு போதவில்லை என்றாலும் ஏறும், சாப்பாடு மிஞ்சிப்போய்ச் சுருண்டு படுத்தாலும் ஏறும். திரையில் இரண்டும் ஒரே கோடு. பழைய வகை பெருந்தீனிக்காரன், அதற்குப் போட்டதெல்லாம் போதாமல்தான் இருந்தது. அதனால் இரண்டாவது காரணம் எங்களுக்கு மறந்தே போயிற்று. வைதேஹியின் ஈஸ்ட் பல மரபணுச் சுமையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுகிற ஜாதி. எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரே வழி கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்ப்பது. அந்த வழியைத்தான் நான் மூன்று மொழியில் தடை செய்து மாட்டியிருந்தேன்.

நிமாய்தா வால்வில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். திறக்கட்டுமா என்று கேட்டார்.

இளைஞர்களே, முடிவு என்பது இந்த இடத்தில்தான் வரும். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தற்செயல். திறந்தால் மூன்றாவது சாவு நிச்சயம் என்று தோன்றியது. திறக்காவிட்டாலும் பிழைக்கும் என்று எந்தச் சான்றும் இல்லை. ஏற்கனவே கலன் பாதி நஞ்சாகியிருக்கலாம். பிழைத்திருந்தால் இப்படி நடக்க வேண்டும்: மிச்சமிருக்கும் மெத்தனாலை ஈஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும், தெம்பு வர வர மூச்சு அதிகம் வாங்கும், அப்போது கோடு இறங்கும். எல்லாம் தீர்ந்த நொடியில் துள்ளும். முதலில் இறக்கம், பிறகு துள்ளல். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் வைதேஹிக்குப் பர்த்தமான்.

"திறக்க வேண்டாம், நிமாய்தா."

கைபேசி அடித்தது.

"ஃபீட் ஜீரோ காட்டுதே?" என்றார் டைரக்டர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சான்று கேட்பார், என்னிடம் இருந்தது ஒரு நடக்காத துள்ளல். நடக்காத ஒன்றைக் காட்டி ஒரு வியாபாரியைச் சம்மதிக்க வைப்பது கஷ்டம். திறந்துவிடச் சொல்வார், நானும் சரி சார் என்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"பூஜை நடக்குது சார்," என்றேன். "விஸ்வகர்மா பூஜையில மெஷின நிறுத்தறது வழக்கமாச்சே."

அவரும் தன் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைப்பவர்தான்.

"எவ்வளவு நேரம்?"

"புரோகிதர்தான் சொல்லணும்."

"நான் வரேன். பிரசாதம் வாங்கிக்கறேன்."

வைத்துவிட்டார். நான் சொன்னதை வைதேஹி நிமாய்தாவுக்கு மொழிபெயர்த்தாள். அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் நான் அவர் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார். புரோகிதரிடம் போய் இன்னொரு சுற்று ஆரத்தி கேட்டார். புரோகிதர், பெஹாலா வரைக்கும் இன்னும் நாலு பட்டறை பாக்கி, உங்கள் பேட்டரியும் மங்குகிறது என்றார். ஆனாலும் ஒரு சுற்று காட்டினார்.

கோடு ஏறிக்கொண்டே இருந்தது. வைதேஹியால் பார்க்க முடியவில்லை. மொட்டைமாடியில் மதிய ஷிப்ட் பையன்கள் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கினால் கூப்பிடுங்கள், இறங்காவிட்டால் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே போனாள். நான் கிச்சடித் தட்டோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஈஸ்ட் சாப்பிடாத நாளில் என்னாலும் சாப்பிட முடியவில்லை. வாழ்நாளில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான்.

டைரக்டர் வந்து சேர்ந்தபோது கோட்டின் ஏற்றம் நின்றிருந்தது. இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. அவர் கையில் தட்டைக் கொடுத்தார்கள். நின்றபடியே சாப்பிட்டார். பூஜை முடிந்ததா என்று கேட்கவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தரிக்காய் வறுவலைப் பார்த்தார். எங்களுக்கு நடுவில் மாலை போட்ட விதி தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கோடு இறங்கத் தொடங்கியது.

நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். இறங்கியது. காய்ச்சல்காரனுக்கு வேர்க்கிற மாதிரி, மெல்ல, ஆனால் சந்தேகமில்லாமல். நான் ஆள் அனுப்புவதற்குள் நிமாய்தாவே மாடிப்படியில் நின்று வைதேஹியைக் கூப்பிட்டுவிட்டார். அவள் வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அறையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. முழுக்க இறங்கி, இனி துள்ள வேண்டும். டைரக்டர் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

கோடு தரையோடு தரையாகப் போயிற்று. அங்கேயே கிடந்தது. பிறகு, யாரோ சுண்டிவிட்டது போல நெட்டுக்குத்தலாக எழும்பியது.

"போ-காட்டா!" என்று கத்தினார் நிமாய்தா. எதிராளியின் காற்றாடியை அறுத்துவிட்டால் இந்த ஊர் மொட்டைமாடிகளில் போடும் கூச்சல் அது. நம் அறையில் அது ஒலித்தது அன்றுதான் முதல் தடவை. மேலே பையன்கள் என்ன ஏதென்று தெரியாமலே பதிலுக்குக் கத்தினார்கள். வைதேஹி அழுதாளா சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலி மட்டும் ஆடியது.

பம்ப்பைத் திரும்பப் போட்டோம், பழைய வேகத்தில் பாதிக்கும் கீழே. தினமும் ஒருமுறை நிறுத்தினோம். துள்ளினால் கொஞ்சம் கூட்டினோம், துள்ளாவிட்டால் காத்திருந்தோம். அந்தக் கலன் முடிந்தபோது புரதம் பழைய வகையை விட நன்றாகவே அதிகம். வைதேஹி பர்த்தமான் போகவில்லை. கோழிகளும் அவளைப் பக்கவாட்டில் பார்க்கும் வாய்ப்பை இழந்தன.

என் விதியைக் கழற்றினோம். புதுத் தாளை வைதேஹி எழுதினாள். பம்ப்பை நிறுத்தி ஆக்ஸிஜன் துள்ளுகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனைக்குப் புத்தகத்தில் ஒழுங்கான பெயர் இருக்கிறது. ஆனால் ஆபரேட்டர்கள் அதற்குள் "ஆரத்தி ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நிமாய்தா அந்த நேரத்தில் வால்வைத் தானே மூடுவார், முகத்தில் ஒரு பவ்யத்தோடு. எல்லாம் பிஷ்வகர்மாவின் வேலை என்று இன்றும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. பிஷ்வகர்மா அன்று தலையிடாமல் இருந்திருந்தால் நான் தலையிட்டிருப்பேன்.

என் பிரிவு உபசாரத்தன்று சால்வை போர்த்திவிட்டு டைரக்டர் என் காதருகே குனிந்தார். அன்றைக்கு நான் ஆலைக்குள் நுழையும்போது உங்கள் புரோகிதர் ஸ்கூட்டரில் வெளியே போய்க்கொண்டிருந்தார் என்றார்.

எனக்கு வேர்த்தது. சால்வையும் ஒரு காரணம்.

"அப்பவே ஏன் சார் கேக்கல?"

"இவ்வளவு வருஷத்துல நீங்க எங்கிட்ட எதுக்கும் முடியாதுன்னு சொன்னதில்ல, சுந்தரம். அன்னிக்குத்தான் சாமி பேரைச் சொல்லியாவது சொன்னீங்க. சரி, ஏதோ பாத்திருக்கார்னு நெனச்சேன். தட்டைப் பிடிச்சிட்டு நின்னேன்."

அவரும் அன்று தன் உத்தரவை நிறுத்திப் பார்த்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த வைதேஹிதான் உங்கள் மேடம் என்பதை இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். தயங்காமல் போய்க் கேளுங்கள். கோடு ஏறுகிறது, பசியா அஜீரணமா என்று தெரியவில்லை, ஃபீடைக் கூட்டச் சொல்லித் தொலைபேசி வருகிறது என்றால், முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் போய்ச் சொல்லுங்கள். அவர் திட்ட மாட்டார். 'ஆரத்தி' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் புத்தகப் பெயரைப் போடலாமே என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். நிமாய்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். யோசனை என்னுடையது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த வருடமும் விஸ்வகர்மா பூஜைக்கு என்னைக் கிச்சடி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.